பதக்கம் கைமாறினால் கௌரவம் கைமாறுமா?

நாட்டின் பெயரால் வழங்கப்படும் விருதுப் பதக்கங்களை மூன்றாம் நபர் விலைக்கு வாங்கிச் சேர்ப்பது தகாத காரியம் என்னும் கருத்து படித்தவர்களிடையே வேரூன்றியிருக்கிறது. ஒரு வீரப் பதக்கம் ஏலத்துக்கு வரும்போதெல்லாம் அதே புலம்பல் எழும்: தியாகம் கடைச்சரக்காகிவிட்டது, வாரிசுகள் மானத்தை விற்றுவிட்டார்கள், வாங்கியவர் தாம் ஈட்டாத புகழுக்குக் காசு கொடுத்து உரிமை கொண்டாடுகிறார். பதக்கம் குடும்பத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும், விற்பனையைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்பவை இதைத் தொடர்ந்து வரும் பரிந்துரைகள். இவ்வளவு உருக்கமான கருத்தை மறுத்துப் பேச யாருக்கும் மனம் வருவதில்லை. அதனாலேயே இது ஆராயப்படாமல் உலவுகிறது, ஆராய்ந்தால் நிற்காது.

இதன் ஆணிவேர், கௌரவம் உலோகத்துக்குள் உறைந்திருக்கிறது என்ற நம்பிக்கை. விருது வழங்கும் அரசுகளே அப்படி நம்பியதில்லை. ஐரோப்பிய மரபில் ஆர்டர் எனப்படுவது தலைவரும் படிநிலைகளும் விதிகளும் கொண்ட ஒரு குழு. ஒருவர் அதில் சேர்க்கப்படுகிறார். கழுத்திலோ மார்பிலோ தொங்கும் சின்னம் அவர் சேர்ந்திருப்பதை ஊருக்குக் காட்டுகிறது, அவ்வளவே. நெப்போலியன் 1802இல் தொடங்கிய லெஜியன் தொனர் இதற்குத் தெளிவான சான்று. பிரான்ஸ் அரசு தன் மிக உயர்ந்த விருதுக்குரியவரை அரசாணையால் அறிவிக்கிறது. சிலுவையைப் பெறுபவர்தான் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். பாரிஸ் நாணயச்சாலையிலும் வாங்கலாம், தனியார் நகைக்கடையிலும் வாங்கலாம். 19ஆம் நூற்றாண்டில் வைரம் பதித்துச் செய்துகொண்ட செல்வந்தர்களும் உண்டு. விருந்துக்கு அணியச் சின்ன அளவில் ஒன்று, தொலைந்தால் இன்னொன்று என ஒரே விருதுக்குப் பல சின்னங்கள் ஒருவரிடம் இருப்பது சாதாரணம். கௌரவம் உலோகத்தில்தான் இருக்கிறதென்றால் இவற்றுள் எதில் இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது.

இந்தியாவிலும் நடைமுறை வேறல்ல. பத்ம விருது பெறுபவருக்குக் குடியரசுத் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் கொண்ட சான்றிதழும் பதக்கமும் தரப்படுகின்றன. விழாக்களில் அணிந்துகொள்ள அதே பதக்கத்தின் சிறிய நகலும் கூடவே தரப்படுகிறது. பெயர் இந்திய அரசிதழில் வெளியாகிறது. விருது ரத்தாக வேண்டுமென்றால் குடியரசுத் தலைவரின் ஆணையால் விருது பெற்றவர்களின் பேரேட்டிலிருந்து பெயர் நீக்கப்பட வேண்டும். பதக்கத்தைத் தேடிப் பறிமுதல் செய்வதால் ரத்தாவதில்லை, அது திருடு போனதாலும் ரத்தாவதில்லை.

சின்னமே இல்லாத கௌரவமும் உண்டு. 1915இல் பிரிட்டிஷ் அரசு ரவீந்திரநாத் தாகூருக்கு நைட் பட்டம் அளித்தது. ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பின், 1919 மே இறுதியில், வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டுக்குக் கடிதம் எழுதி அவர் அதைத் துறந்தார். வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற விருதுத் துறப்புகளில் ஒன்று அது. ஆனால் திருப்பி அனுப்ப அவரிடம் ஒரு குண்டுமணி உலோகமும் இருந்திருக்காது. அவர் பெற்ற நைட் பேச்சலர் என்ற வகைக்கு 1926 வரை சின்னமே கிடையாது. எதிர்ப்புறத்தில் ருமேனியாவின் செயூஷெஸ்கு நிற்கிறார். 1978இல் அரசுமுறைப் பயணமாக லண்டன் சென்றபோது அவருக்கு ஆர்டர் ஆஃப் த பாத் வழங்கப்பட்டது. 1989 டிசம்பரில், அவர் சுட்டுக் கொல்லப்படுவதற்குச் சற்று முன், அது நீக்கப்பட்டது. நீக்குவதற்கு லண்டனில் ஓர் ஆணை போதுமாயிருந்தது. புக்காரெஸ்டில் சின்னம் யார் கையில் இருந்தது என்பது ஒரு பொருட்டாகவே இல்லை.

அப்படியானால் காந்தி ஏன் பதக்கங்களைத் திருப்பி அனுப்பினார் என்பது இங்கே வழக்கமாக எழும் எதிர்க்கேள்வி. 1920 ஆகஸ்ட் 1 அன்று அவர் கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கத்தையும், போயர் போர், ஜூலு போர் காலச் சேவைக்காகப் பெற்ற பதக்கங்களையும் வைஸ்ராய்க்குத் திருப்பி அனுப்பினார். அதற்கு இரண்டாண்டு முன்பே சென்னையில் சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் தம் கே.சி.ஐ.இ. பட்டத்தைத் துறந்திருந்தார். இந்தச் செயல்களின் வலிமை, செய்தவர் யார் என்பதில் இருந்தது. காந்தியின் பதக்கத்தை வேறொருவர் விலைக்கு வாங்கி அதே முகவரிக்கு அனுப்பியிருந்தால் வைஸ்ராயின் செயலாளர் ஒரு பார்சலுக்கு ரசீது போட்டிருப்பார், வேறொன்றும் நடந்திருக்காது. துறக்கும் உரிமை பெற்றவருக்கு மட்டுமே உண்டு என்றால், பெருமை கொள்ளும் உரிமையும் அவரோடு நிற்கிறது. வாங்குபவருக்கு அதில் ஒரு துளியும் சேர்வதில்லை. நேர்மையான சேகரிப்பாளர் எவரும் அதைக் கோருவதுமில்லை.

குடும்பமே பாதுகாப்பான இடம் என்ற வாதத்தைப் பழைய வெள்ளிச் சந்தையின் கதை கவிழ்த்துவிடுகிறது. முதல் உலகப் போரில் பணியாற்றியவர்களுக்குத் தரப்பட்ட பிரிட்டிஷ் வார் மெடல் வெள்ளியால் ஆனது. பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை அதன் விளிம்பில் அச்சடித்துப் பொறிக்கப்பட்டிருக்கும். 1980 ஜனவரியில் வெள்ளி விலை அவுன்ஸுக்கு ஏறக்குறைய 50 டாலரைத் தொட்டபோது இந்தப் பதக்கங்கள் பெருமளவில் உருக்கப்பட்டன. உலைக்குப் போனவற்றில் பல தாத்தாவின் பெட்டியிலிருந்து வந்தவை. உலோக விலைக்கு மேல் பத்து ரூபாய் கூடக் கொடுக்க ஒரு சேகரிப்பாளர் இருந்த இடங்களில் மட்டும் அந்தப் பெயர்கள் தப்பின.

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கும் இதில் பாடம் உண்டு. 1911 டில்லி தர்பாரில் திவான் பகதூர், ராவ் பகதூர், ராவ் சாகிப் முதலிய பட்டங்களுக்கு அணியும் வில்லைகள் மூன்று வகுப்புகளாக ஏற்படுத்தப்பட்டன. மன்னர் தலை பொறித்த கதிர்வீசும் நட்சத்திரம், அதில் பட்டத்தின் பெயர், பின்புறம் பெற்றவரின் பெயர். அரசியல் சட்டத்தின் 18ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்தபின், வெள்ளைக்கார மன்னரின் முகம் கொண்ட இந்த வில்லைகளைப் பேரப்பிள்ளைகள் காட்டிக்கொள்ளக் கூச்சப்பட்டதில் வியப்பில்லை. நகைப் பட்டறையில் எடைக்கு எடை போவதிலிருந்து அப்படியொரு வில்லையைக் காப்பது பெரும்பாலும் அதன் பின்புறத்தை வாசிக்கத் தெரிந்த ஓர் ஆள்தான். ஒரு நகராட்சித் தலைவரோ கோயில் தர்மகர்த்தாவோ எந்த வகுப்புப் பட்டம் பெற்றார் என்ற உள்ளூர் வரலாற்றுத் துணுக்கு அந்த வாசிப்பில் மீள்கிறது.

அருங்காட்சியகங்களைப் பற்றிய நம்பிக்கையும் மிகையானது. அவை காட்சிக்கு வைப்பது தம் இருப்பில் சிறு பகுதியைத்தான். காட்சிக்கு வைத்ததும் பத்திரமாக இருக்கும் என்பதில்லை. சாந்திநிகேதனில் விஸ்வபாரதி அருங்காட்சியகத்திலிருந்த தாகூரின் நோபல் பதக்கம் 2004 மார்ச்சில் திருடு போனது. மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்தும் இன்றுவரை கிடைக்கவில்லை. நோபல் அறக்கட்டளை நகல்களைச் செய்து கொடுத்தது. தாகூர் நோபல் பெற்றவர் என்பதில் இதனால் இம்மியும் குறையவில்லை என்பதையும், பொது நிறுவனத்தின் பூட்டு தனியார் பெட்டகத்தைவிட உறுதியானது அல்ல என்பதையும் அந்த ஒரு களவு சேர்த்தே மெய்ப்பித்தது. லண்டனில் இதற்கு நேர்மாறாக நடந்தது. மைக்கேல் ஆஷ்கிராஃப்ட் என்ற தனிநபர் 1986 முதல் ஏலங்களில் வாங்கிச் சேர்த்த விக்டோரியா கிராஸ் பதக்கங்களுக்காகவே இம்பீரியல் வார் மியூசியத்தில் 2010இல் ஒரு கூடம் திறக்கப்பட்டது. இத்தனை விக்டோரியா கிராஸ்களை எந்த அரசு நிறுவனமும் திரட்டியிருக்கவில்லை.

எதிர்த்தரப்பு அறவே கவனிக்காத ஒன்று, அடையாளம் காணும் வேலை. பதக்கத்தை வாங்குபவர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டி மகிழ்கிறார் என்றே அவர்கள் கற்பனை செய்கிறார்கள். உண்மையில் இந்தத் துறையின் உழைப்பில் பெரும்பங்கு ஒரு கேள்வியில் செலவாகிறது: இது எது, எப்போது செய்யப்பட்டது, யாருக்குத் தரப்பட்டது? அதற்கு விடை காணும் முறை ஒரு கல்வெட்டை வாசிப்பதற்கு நிகரானது.

லெஜியன் தொனரையே எடுத்துக்கொள்ளலாம். ஐந்து கைகள் கொண்ட வெள்ளை எனாமல் நட்சத்திரம், சிவப்பு ரிப்பன் என்ற தோற்றம் இரு நூற்றாண்டாகப் பெரிதும் மாறவில்லை. நடு வட்டமும் மேலே உள்ள தொங்கணியும்தான் ஆட்சிதோறும் மாறின. முதல் பேரரசில் நெப்போலியனின் தலையும் மேலே கிரீடமும். பூர்போன் மன்னர்கள் திரும்பியதும் நான்காம் ஹென்றியின் தலை. 1848 குடியரசில் மறுபடி போனபார்ட், ஆனால் கிரீடம் இல்லை. 1852க்குப் பின் கிரீடம் திரும்பியது. 1870க்குப் பின் குடியரசைக் குறிக்கும் பெண்ணின் தலை, அதைச் சுற்றி ஆண்டு, கிரீடத்தின் இடத்தில் ஓக் இலையும் வாகையும் பின்னிய வளையம். 1870 என்ற எண் இல்லாமல் பெண் தலை மட்டும் இருந்தால் அது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய நான்காம் குடியரசுக் காலத்துக்கு முற்பட்டதாக இருக்க முடியாது. ஆட்சி மாறியபோது பழைய சிலுவையை வைத்துக்கொண்டு நடு வட்டத்தை மட்டும் மாற்றிக்கொண்ட அதிகாரிகளும் இருந்தார்கள். பேரரசின் கைவேலையும் மன்னராட்சியின் முகமும் ஒரே சிலுவையில் இருந்தால் அறியாதவர் போலி என்று ஒதுக்குவார். அறிந்தவர் 1815இல் பதவியைக் காப்பாற்றிக்கொண்ட ஒரு மனிதரின் சாமர்த்தியத்தை அதில் காண்பார்.

பிரிட்டிஷ் பேரரசின் விருதுகளிலும் இப்படிப்பட்ட தடயங்கள் ஏராளம். 1870களின் இறுதியில் உருவான ஆர்டர் ஆஃப் த இந்தியன் எம்பயரின் முதல் சின்னங்களில் ரோஜா இதழ்களின் மேல் இந்தியா என்ற பெயரின் ஐந்து ஆங்கில எழுத்துகள் இருக்கும். 1880களின் இறுதிக்குப் பின் வந்தவை அளவில் சிறுத்தன, எழுத்துகளும் போயின. 1917இல் தொடங்கிய ஆர்டர் ஆஃப் த பிரிட்டிஷ் எம்பயருக்கு முதலில் ஊதா ரிப்பன், நடுவில் பிரிட்டானியாவின் உருவம். 1937 முதல் சாம்பல் விளிம்பிட்ட ரோஜா நிற ரிப்பன், நடுவில் ஐந்தாம் ஜார்ஜும் மேரியும். இந்தச் சின்னங்களில் பெயர் பொறிப்பதில்லை. ஆகவே யாருடையது என்பதை உலோகம் சொல்லாது. ஹால்மார்க் முத்திரையில் உள்ள ஆண்டெழுத்து, கூட வந்த பெட்டி, கடிதம், மற்றப் பதக்கங்கள் ஆகியவற்றைக் கொண்டு அரசிதழோடு ஒப்பிட வேண்டும். பெரும்பாலான நேரங்களில் விடை கிடைக்காது. அப்போது பெயரிடாமல் விடுவதுதான் முறை.

பாரத ரத்னாவுக்கே இப்படியொரு முன்கதை உண்டு. 1954 ஜனவரி 2 அறிவிக்கையின்படி அது 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டமான தங்கப் பதக்கம். இன்று எல்லோரும் அறிந்த அரசிலை வடிவம் அதற்குப் பின் வந்தது. பத்ம பூஷண், பத்மஸ்ரீ என்ற பெயர்களும் முதல் ஆண்டில் இல்லை. பத்ம விபூஷண் என்ற ஒரே விருதே பஹேலா வர்க், தூஸ்ரா வர்க், தீஸ்ரா வர்க் என்று வகுப்புகளாக இருந்தது, 1955 ஜனவரியில்தான் வகுப்புகளின் பெயர்கள் மாறின. 1954இன் ஆவணத்தில் பத்மஸ்ரீ என்ற சொல்லைக் கண்டால் சந்தேகப்படத் தெரிவது இந்தப் படிப்பால் வருவது.

இத்தகைய அறிவு இல்லாத இடத்தில் என்ன நேர்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களே சாட்சி. சிவாஜி கணேசன் 1995இல் பெற்றது 1957இல் நிறுவப்பட்ட பிரெஞ்சுக் கலை, இலக்கிய ஆர்டர். பச்சை எனாமல் சிலுவை, வெள்ளைக் கோடிட்ட பச்சை ரிப்பன். கமல்ஹாசனுக்கு 2016இல் அறிவிக்கப்பட்டதும் அதுவே. செவாலியே என்பது அந்த ஆர்டரில் ஒரு படிநிலை. லெஜியன் தொனரிலும், 1963இல் டி கோல் நிறுவிய தேசியத் தகுதி ஆர்டரிலும் அதே படிநிலை உண்டு. படிநிலையின் பெயரையே விருதின் பெயராக்கி, போதாததற்கு அதைப் பிரான்ஸின் மிக உயர்ந்த விருது என்றும் எழுதிவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. ரிப்பனின் நிறத்தைப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தீர்ந்திருக்கும். பச்சையைக் கண்டவர் யாரும் அதை லெஜியன் தொனர் என்று சொல்ல மாட்டார்.

சில நேரங்களில் பதக்கம் ஆவணத்தின் இடத்தையே பிடித்துக்கொள்கிறது. 1940 செப்டம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் லண்டனில் இருந்த போர்த்துறைக் கிடங்கு எரிந்தபோது முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் படைவீரர்களின் பணிப்பதிவேடுகளில் பாதிக்கும் மேல் அழிந்தன. எஞ்சியவற்றுள் பதக்க அட்டவணை அட்டைகளும் பதக்கப் பேரேடுகளும் முக்கியமானவை. விளிம்பில் பெயருள்ள ஒரு பதக்கம், ஒரு பேரேட்டு வரி. பல சிப்பாய்களுக்கு மிஞ்சியது இவ்வளவே. 83ஆம் வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி போன்ற பழைய சென்னைப் படைப்பிரிவுகள் 1920களில் பெயர் மாறிக் கலைக்கப்பட்டன. அவற்றில் இருந்தவர்களின் பெயரைத் தாங்கிய பதக்கம் ஏலப் பட்டியலில் ஏறும்போதுதான் அப்படியொரு படை இருந்தது என்பதே பலருக்குத் தெரியவருகிறது. இதில் ஒரு வினோதமும் உண்டு. இரண்டாம் உலகப் போரின் பர்மா ஸ்டார் முதலியவற்றை பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே அனுப்பினார்கள். இந்தியப் படையினருக்குத் தந்தவற்றில் பெயர் பொறிப்பது வழக்கமாயிருந்தது. ஆகவே இன்று சென்னைச் சிப்பாயின் நட்சத்திரத்துக்கு உரியவரைக் கண்டறியலாம், லண்டன்காரருடையதைக் கண்டறிய முடியாது.

ஶ்ரீரங்கப்பட்டணம் பதக்கம் வேறு வகையில் பேசுகிறது. 1799இல் திப்பு வீழ்ந்த முற்றுகைக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்தது அது. பர்மிங்ஹாமின் சோஹோ நாணயச்சாலையில் கூக்லர் என்பவர் வடித்த அச்சு, சிங்கம் புலியை வீழ்த்தும் காட்சி. கவர்னர் ஜெனரலுக்கும் தளபதிகளுக்கும் தங்கம், அடுத்த நிலையினருக்குத் தங்க முலாம் பூசிய வெள்ளி, அதற்குக் கீழே வெள்ளி, பிறகு செம்பு, சிப்பாய்களுக்கு வெள்ளீயம். ஒரே முகம், ஒரே புலி, ஐந்து தரம். பதக்கத்தில் பெயர் இல்லை. ஆனால் எந்த உலோகம் என்று பார்த்தாலே பெற்றவர் படைவரிசையில் எங்கே நின்றார் என்பது விளங்கும். சோஹோவில் அடித்தவை 48 மில்லிமீட்டர், கல்கத்தாவில் அடித்தவை 45 மில்லிமீட்டர். ஓர் அளவுகோல் இந்த இரண்டையும் பிரித்துவிடும். வெள்ளீயப் பதக்கத்தில் உலோக மதிப்பு இல்லவேயில்லை. கௌரவத்தை உலோகத்தில் தேடுபவர்கள் சென்னைச் சிப்பாயின் பதக்கத்தை என்ன சொல்லி மதிப்பார்கள் என்பது தெளிவாக இல்லை.

எதிர்த்தரப்பிடம் வலுவான வாதம் ஒன்றே ஒன்று: சந்தை குற்றத்தை வளர்க்கிறது. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. 1983 ஜூலையில் மாஸ்கோவில், சோவியத் நாயகன் பட்டம் பெற்ற வைஸ் அட்மிரல் கியோர்கி கோலோஸ்தியாகோவும் அவர் மனைவியும் சொந்த வீட்டிலேயே கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் வந்தது அவருடைய பதக்கங்களுக்காக. இதைவிட இழிவான சம்பவம் இந்தத் துறையின் வரலாற்றில் அரிது. ஆனால் நடந்தது எங்கே என்பதைப் பார்க்க வேண்டும். சோவியத் ஒன்றியத்தில் பதக்க விற்பனை குற்றம். தடை இருந்ததால் ஏலக்கூடம் இல்லை, ரசீது இல்லை, முந்தைய உரிமையாளரைக் கேட்கும் வழக்கம் இல்லை. கள்ளச்சந்தை மட்டும் இருந்தது. ரெட் ஸ்டார் போன்ற சோவியத் ஆர்டர்களின் பின்புறம் வரிசை எண் உண்டு. அந்த எண்ணைக் கொண்டு ஆவணக் காப்பகத்தில் பெற்றவரைக் கண்டுபிடிக்கலாம். வெளிப்படையான சந்தையில் திருட்டுப் பதக்கத்தை அந்த எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். இருட்டுச் சந்தையில் அதை யாரும் வாசிப்பதில்லை. இன்றும் ரஷ்யக் குற்றவியல் சட்டத்தின் 324ஆம் பிரிவு இந்த விற்பனையைத் தடை செய்கிறது. 1991க்குப் பின் வெளிநாடுகளுக்குப் போன சோவியத் பதக்கங்களின் வெள்ளத்தை அத்தகைய தடை நிறுத்தவில்லை.

போலிகளும் அப்படித்தான். பெயர் பொறித்த சாதாரணப் பதக்கத்தின் விளிம்பை அராவிப் புகழ்பெற்ற போரில் இறந்த ஒருவரின் பெயரை ஏற்றுவது பழைய தந்திரம். அராவிய பதக்கத்தின் விட்டம் இம்மி குறைந்திருக்கும்; அச்சடித்த எழுத்துக்கும் கையால் வெட்டிய எழுத்துக்கும் பள்ளத்தின் வடிவம் வேறுபடும்; அந்தப் படைப்பிரிவுக்கு அந்த ஆண்டில் எந்த எழுத்துரு பயன்பட்டது என்பதும் தெரிந்ததே. இவற்றையெல்லாம் கண்டுபிடித்து எழுதி வைத்தவர்கள் சேகரிப்பாளர்கள். சந்தையை மூடினால் போலி செய்பவர் தொழிலை விடுவார் என்பதற்கு ஆதாரமில்லை. கண்டுபிடிப்பவர் விடுவார் என்பது நிச்சயம்.

சேகரிப்பாளர் மீது சுமத்தத்தக்க உண்மையான குற்றங்கள் வேறு, அவற்றைப் பற்றி இந்தப் பொதுக்கருத்து பேசுவதேயில்லை. ஒருவர் பெற்ற ஐந்தாறு பதக்கங்களைப் பிரித்துத் தனித்தனியாக விற்பது அவற்றுள் முதன்மையானது. பெயரில்லாத ஆர்டர் சின்னத்துக்கு உரியவரை அடையாளம் காட்டுவது கூட இருக்கும் பெயருள்ள பதக்கம்தான் என்பதால், தொகுதியைப் பிரிப்பது அந்த மனிதரை மறுபடி அழிப்பதாகும். பளபளப்புக்காக மெருகிட்டு எழுத்தை மழுக்குவதும், பழைய ரிப்பனைக் கழற்றி எறிந்து புதியதைக் கோப்பதும் அடுத்தவை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவதைத் தடுக்கிறது. ஶ்ரீரங்கப்பட்டணம் பதக்கத்தைப் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறுபவர் மீது அந்தச் சட்டம் பாய்வது நியாயமே.

புகழைத் திருடுபவரைத் தண்டிக்கவும் வழி இருக்கிறது. அமெரிக்காவில் மெடல் ஆஃப் ஹானரை விற்பதே குற்றம். பெறாத விருதைப் பெற்றதாகப் பொய் சொல்வதையும் குற்றமாக்கிய சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2012இல் செல்லாதென்று அறிவித்தது. ஆதாயம் பெறும் நோக்கத்துடன் பொய் சொல்வதை மட்டும் தண்டிக்கும் புதிய சட்டம் 2013இல் வந்தது. பிரான்ஸின் ஏற்பாடு இன்னும் எளியது. லெஜியன் தொனர் சிலுவையை யாரும் வாங்கலாம், வைத்திருக்கலாம், ஏலத்தில் விடலாம். உரிமையின்றிப் பொது இடத்தில் அணிந்தால் ஓராண்டுச் சிறையும் 15,000 யூரோ அபராதமும் விதிக்கப்படலாம். வைத்திருப்பதற்கும் அணிவதற்கும் நடுவே கோடு போடும் அந்தச் சட்டத்தின் கீழ், பாரிஸின் பழம்பொருள் கடைகளில் முதல் பேரரசின் சிலுவைகள் விலைச் சீட்டோடு வெளிப்படையாக விற்கப்படுகின்றன.